சின்ன மரைன் டேங்க்கில் எத்தனை மீன்? கரன்ட் போகிற நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள்

"ரெண்டடி டேங்க்தானே ப்ரோ, ஆறு மீன் தாராளமா விடலாம்."

வீட்டில் கடல் மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டுக் கடைக்குப் போகும் பலருக்கும் கிடைக்கும் முதல் ஆலோசனை இதுதான். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆரஞ்சு க்ளவுன் ரெண்டு, நீல டாங் ஒன்று, மஞ்சள் டாங் ஒன்று, டாம்செல் ரெண்டு. ஹாலில் ஒரு குட்டிக் கடல் ரெடி. ரீல்ஸில் பார்த்த மாதிரியே இருக்கும்.

முதல் சில வாரங்கள் ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு மீன் பாறைக்குப் பின்னால் ஒதுங்கும், சாப்பிடாது. ஒரு நாள் காலையில் செத்துக் கிடக்கும். "தண்ணி சரியில்ல போல" என்று தண்ணீர் மாற்றுவார்கள், மருந்து ஊற்றுவார்கள். காலியான இடத்துக்கு இன்னொரு மீன் வரும். கொஞ்ச நாளில் அதுவும் போகும். கடைசியில் டேங்க், லைட், ஃபில்டர் எல்லாம் 'செகண்ட் ஹேண்ட்' விற்பனைக்கு வந்துவிடும்.

தண்ணீர், நோய், தீனி, கடைக்காரர் என எல்லாவற்றையும் சந்தேகப்படுபவர்கள், மீன்களின் எண்ணிக்கையை மட்டும் சந்தேகப்படுவதில்லை. சின்ன மரைன் டேங்க்கில் பெரும்பாலான தொல்லைகள் ஆரம்பிப்பதோ அங்கேதான்.

எத்தனை மீன் என்பதை, எல்லாம் சரியாக ஓடும் ஒரு நாளை வைத்து முடிவு செய்யக் கூடாது. மே மாத மதியம், கரன்ட் கட், வீட்டில் யாரும் இல்லை என்ற நாளை வைத்து முடிவு செய்ய வேண்டும். அப்படிப் பார்த்தால் ரெண்டடி டேங்க்குக்கு வரும் விடை ஆறு இல்லை, மூன்று.

'65 லிட்டர்' டேங்க்கில் 65 லிட்டர் தண்ணீர் இல்லை

முதலில் கொள்ளளவு. 60 செ.மீ நீளம், 30 செ.மீ அகலம், 36 செ.மீ உயரம் உள்ள டேங்க்கைப் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 65 லிட்டர் வரும். ஆனால் யாரும் விளிம்பு வரை தண்ணீர் நிரப்புவதில்லை. மேலே நாலைந்து செ.மீ விட்டால் 56 லிட்டர். அதற்குள் மணல் பரப்பி, பாறை அடுக்கினால் இன்னும் பத்து லிட்டர் போய்விடும். மிச்சம் இருப்பது சுமார் 45 லிட்டர்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை வைத்து மீன் வாங்குபவர், ஆரம்பத்திலேயே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிடுகிறார்.

'ஆறு' எங்கிருந்து வந்தது?

நன்னீர் மீன் வளர்ப்பில் ஒரு பழைய விதி உண்டு. ஒரு கேலன், அதாவது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீருக்கு ஓர் அங்குல மீன். அதன்படி 45 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 12 அங்குலம். ரெண்டு அங்குலக் குட்டிகள் என்றால் ஆறு. அந்த 'ஆறு' பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

நன்னீருக்கே இது தோராயமான விதி. உப்புத் தண்ணீரில் சுத்தமாகச் செல்லாது. காரணங்கள் மூன்று.

முதலாவது ஆக்ஸிஜன். ஒரே வெப்பநிலையில் நன்னீரைவிடக் கடல்நீர் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவான ஆக்ஸிஜனைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் சூடாக ஆக அதுவும் குறையும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 6 மில்லிகிராம் ஆக்ஸிஜன்தான் இருக்கும். 45 லிட்டருக்குப் பெருக்கினால், மொத்த டேங்க்கிலும் ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை மீன்கள் மட்டும் சுவாசிக்கவில்லை. பாறையிலும் மணலிலும் இருக்கும் பாக்டீரியாக்கள், இறால், நத்தை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. நன்னீரில் ஃபைட்டர், குராமி போன்ற மீன்கள் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசித்துச் சமாளிக்கும். க்ளவுனுக்கும் டாங்குக்கும் அந்த வசதி கிடையாது.

இரண்டாவது அம்மோனியா. மீனின் கழிவிலிருந்தும், சாப்பிடாமல் அழுகும் தீனியிலிருந்தும் இது உருவாகிறது. தண்ணீரில் இது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று ஓரளவு ஆபத்தில்லாதது, இன்னொன்று செவுளைப் பொசுக்கும் விஷம். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது தண்ணீரின் பி.ஹெச். சாதாரண நன்னீர் டேங்க் 7-ஐ ஒட்டி இருக்கும். மரைன் டேங்க் 8.1 முதல் 8.4 வரை இருக்க வேண்டும். கேட்க ஒரு புள்ளி வித்தியாசம்தான். ஆனால் அதே அளவு அம்மோனியாவில் விஷ வடிவத்தின் பங்கு பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். நன்னீர் டேங்க்கில் மன்னிக்கப்படும் தப்பு இங்கே மன்னிக்கப்படாது.

மூன்றாவது உப்பு. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வெயில் காலத்தில் டேங்க்கைக் குளிர வைக்க ஃபேன் போட்டால் ஆவியாவது இன்னும் வேகமாகும். 450 லிட்டர் டேங்க்கில் ஒரு லிட்டர் குறைந்தால் மீனுக்குத் தெரியவே தெரியாது. 45 லிட்டரில் அதே ஒரு லிட்டர் குறைந்தால் உப்பின் அளவு ஒரே நாளில் 2 சதவீதத்துக்கு மேல் ஏறும். ரெண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால்? அதனால்தான் அனுபவசாலிகள் "ஆரம்பிக்கிறவங்க பெரிய டேங்க்காவே வாங்குங்க" என்கிறார்கள். அளவு சின்னதாக ஆக, தப்பு செய்வதற்கான இடமும் சின்னதாகிவிடுகிறது.

அந்த மோசமான நாளில் என்ன நடக்கும்?

மே மாதம். வெளியே 40 டிகிரி. வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். மதியம் 12 மணிக்குக் கரன்ட் போகிறது.

தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் நிற்கிறது. ஃபில்டர் நிற்கிறது. ஃபேன் நிற்கிறது. தண்ணீரின் மேற்பரப்பு அசையாமல் இருப்பதால் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் உள்ளே வருவது மந்தமாகிறது. வெப்பம் ஏற ஏற, தண்ணீர் தாங்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. அதே வெப்பத்தால் மீன்களின் சுவாசமோ கூடுகிறது. வரவு குறைந்து, செலவு ஏறும் வீட்டுக் கணக்கு மாதிரிதான்.

இப்போது உள்ளே மூன்று சின்ன மீன்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். திணறும். ஆனால் சாயங்காலம் நீங்கள் வீடு திரும்பும் வரை தாக்குப்பிடிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதே டேங்க்கில் ஆறு மீன்கள் என்றால் அவகாசம் பாதியாகக் குறைகிறது. ஒன்று செத்தால் அதன் உடல் அழுக ஆரம்பிக்கும். அதிலிருந்து வரும் அம்மோனியா அடுத்த மீனைத் தாக்கும். அழுக வைக்கும் பாக்டீரியாக்களும் ஆக்ஸிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு மரணம் மொத்த டேங்க்கையும் இழுத்துக்கொண்டு போவது இப்படித்தான்.

நல்ல நாளில் ஆறு மீன்களும் ஜம்மென்று நீந்தும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்தத் தப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. லிஃப்ட்டில் 'எட்டுப் பேர்' என்று எழுதியிருந்தால், ஒன்பதாவது ஆள் ஏறிய உடனே கயிறு அறுந்துவிடாது. அந்த எண்ணைப் போட்டவர் நினைத்துப் பார்த்தது வேறொரு நாளை.

"நல்ல ஃபில்டர் போட்டா போதாதா?"

இதற்கு வரும் முதல் மறுப்பு இதுதான். அதில் நியாயமும் இருக்கிறது. ப்ரோட்டீன் ஸ்கிம்மர் கழிவைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கும், ஆக்ஸிஜனையும் கலக்கும். தண்ணீர் குறைந்தால் தானாகவே நிரப்பும் கருவிகள் உண்டு. பல வருட அனுபவமும், வாரம் தவறாத பராமரிப்பும் உள்ளவர்கள் சின்ன டேங்க்கில் அதிக மீன்களை ஆரோக்கியமாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இரண்டு விஷயங்களை யோசிக்க வேண்டும். இந்தக் கருவிகள் எல்லாம் கரன்ட்டில் ஓடுபவை. அவை கூட்டித் தரும் கொள்ளளவு, கரன்ட் போனதும் அவற்றோடு சேர்ந்து போய்விடும். கருவியை நம்பிக் கூடுதலாக விட்ட மீன்கள் மட்டும் உள்ளேயே இருக்கும்.

அடுத்தது, ஃபில்டர் அழுக்கை எடுக்கும், இடத்தைக் கூட்டாது. 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்குப் பிறகு உலகம் முழுக்க க்ளவுன் மீன் ஸ்டார் ஆனது. அதே படத்தின் டோரியும் அப்படியே. கடையில் நாலு செ.மீ நீளத்தில் அழகாகத் திரியும் அந்த நீல டாங், முழுதாக வளர்ந்தால் 30 செ.மீ வரை போகும். டேங்க்கின் அகலமே 30 செ.மீதான். மஞ்சள் டாங் 20 செ.மீ வரை வளரும். கடலில் நாள் முழுக்கப் பாறைப் பரப்பில் மேய்ந்து திரியும் மீன்கள் இவை. 60 செ.மீ பெட்டிக்குள் இவற்றுக்கு நீந்துவதற்கு ஒன்றுமில்லை, திரும்புவதற்கு மட்டும்தான் இடம்.

"என் ஃப்ரெண்ட் டேங்க்கில் ஒரு வருஷமா நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். இருக்கலாம். ஒரு வருடத்தில் மீன் இன்னும் முழுசாக வளர்ந்திருக்காது. முறையாக வளர்த்தால் க்ளவுன் மீன் பத்து வருடங்களுக்கு மேல் வாழும். ஒரு வருடம் என்பது அதற்கு ஆரம்பம்தான்.

மூன்றாவது நீமோ ஏன் அடி வாங்குகிறது?

கூட்டம் என்பது கழிவும் ஆக்ஸிஜனும் மட்டும் இல்லை. யார் யாரோடு இருக்கிறார்கள் என்பதும் அதில் அடங்கும்.

எல்லா க்ளவுன் மீன்களும் ஆணாகவே வளர ஆரம்பிக்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதன் ஜோடி ஆகும். மற்றவை அடங்கி ஓரமாக இருக்க வேண்டும். கடலில் ஒதுங்க இடம் உண்டு. டேங்க்கில் கிடையாது. ஜோடி சேர்ந்த ரெண்டு க்ளவுனோடு மூன்றாவதாக ஒன்றை விட்டால், அது மூலையில் துரத்தப்பட்டு, துடுப்பு கிழிந்து, பட்டினியில் சாகும்.

டாம்செல் இன்னும் மோசம். விலை மலிவு, எதையும் தாங்கும் என்பதால் 'முதல் மீன்' என்று பல இடங்களில் தள்ளிவிடப்படும் மீன் இது. முதலில் குடியேறியதாலேயே மொத்த டேங்க்கும் தன்னுடையது என்று முடிவு செய்துவிடும். பிறகு வரும் ஒவ்வொரு மீனையும் விரட்டும்.

இன்னொரு உதாரணம் மாண்டரின். சிறிய, சாதுவான, வண்ணமயமான மீன். இடம் பற்றாத பிரச்சினை இதற்கு இல்லை. ஆனால் பாறையில் வாழும் நுண்ணிய கோப்பிபாட் உயிர்களைத்தான் நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும். பெரும்பாலான மாண்டரின்கள் பாக்கெட் தீனியைத் தொடாது. 45 லிட்டர் டேங்க்கில் இருக்கும் கோப்பிபாட்களை வேகமாகத் தின்று தீர்த்துவிட்டு மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கும். ஒரே ஒரு மீன்தான் என்றாலும், அதன் தீனிக் கணக்கில் அந்த டேங்க் நிரம்பி வழிகிறது.

செத்தால் இன்னொன்று வாங்கிக்கலாமா?

இங்கேதான் இது வெறும் பொழுதுபோக்கு விஷயமாக இல்லாமல் போகிறது.

கொளத்தூர் போன்ற சந்தைகளில் விற்கும் நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் வளர்க்கப்பட்டவை. கடல் அலங்கார மீன்களில் நிலைமை தலைகீழ். பெரும்பாலான வகைகள் இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடித்து வரப்படுபவை. இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் இந்த வர்த்தகத்தின் பெரிய ஏற்றுமதி நாடுகள். அங்கே மீன்களை மயங்க வைத்துப் பிடிக்கச் சயனைடு பயன்படுத்தப்பட்ட வரலாறும் உண்டு. அது மீனையும் பாதிக்கும், பவளத்தையும் கொல்லும். உங்கள் டேங்க்கில் சாகும் ஒவ்வொரு டாங்குக்கும் பதிலாக வரும் இன்னொரு டாங், ஏதோ ஒரு பாறைத்திட்டிலிருந்து குறையும் ஒரு மீன்.

நல்ல மாற்றும் இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் க்ளவுன் மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பத்தில் வேலை செய்திருக்கிறது. வளர்ப்பு க்ளவுன் டேங்க் வாழ்க்கைக்கும் பாக்கெட் தீனிக்கும் பிறந்ததிலிருந்தே பழகியது. "இது பிடிச்ச மீனா, வளர்த்த மீனா?" என்று கடையில் கேட்பது ஒரு சின்னக் கேள்வி. ஆனால் முக்கியமான கேள்வி.

சட்டமும் கவனத்தில் இருக்க வேண்டும். கடற்குதிரைகளும் கடினப் பவளங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது 'ஒரு சின்னப் பீஸ்' பவளம் கொண்டுவந்து கொடுத்தாலும் அது குற்றம்தான். பாறைக்கு செராமிக் போன்ற செயற்கைப் பாறைகள் கிடைக்கின்றன. சில மாதங்களில் அவற்றிலும் பாக்டீரியா குடியேறி, அதே வேலையைச் செய்யும்.

மீன் கடைகளுக்கும் தொட்டிகளுக்கும் விதிமுறைகளை மத்திய அரசு 2017-ல் அறிவித்தது. க்ளவுன் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளைக் காட்சிக்கு வைக்கவும் விற்கவும் அதில் தடை இருந்தது. எதிர்ப்பு கிளம்பி, பின்னர் அவை திரும்பப் பெறப்பட்டன. ஒரேயடியான தடை சரியா என்பது வேறு விவாதம். ஆனால் ஒரு டேங்க்கில் எத்தனை மீன் என்ற முடிவு இன்றைக்கு விற்பவர், வாங்குபவர் இருவர் கையில்தான் இருக்கிறது.

சரி, அந்த மூன்று எவை?

45 லிட்டர் தண்ணீருக்குப் பொருந்தும் ஒரு எளிய திட்டம் இது:

• வளர்ப்பு க்ளவுன் ஒரு ஜோடி. முழுதாக வளர்ந்தாலும் 8, 9 செ.மீக்குள்தான் இருக்கும். இவற்றுக்கு அனிமோன் கட்டாயம் இல்லை. அனிமோனுக்கு நல்ல வெளிச்சமும் பல மாதங்கள் நிலைபெற்ற டேங்க்கும் தேவை, ஆரம்பத்திலேயே வேண்டாம்.

• தரையில் வாழும் ஒரு சின்ன கோபி. க்ளவுன் நீந்தும் உயரம் வேறு, இதன் இடம் வேறு. சண்டை குறையும்.

• மிச்சத் தீனியையும் பாசியையும் தின்ன நாலைந்து நத்தைகள், ஓர் இறால்.

எப்படி விடுவது என்பதும் முக்கியம். டேங்க் அமைத்த அன்றே மீன் விடக் கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையில் குடியேறப் பொதுவாக நாலு முதல் ஆறு வாரங்கள் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் மீன். அதுவும் சாதுவான கோபி முதலில், க்ளவுன் ஜோடி கடைசியில். இரண்டுக்கும் இடையே மூன்று, நான்கு வாரங்கள். பாக்டீரியாக்கள் எண்ணிக்கையில் பெருகிப் புதுக் கழிவைச் சமாளிக்க அந்த அவகாசம் வேண்டும். ஒரே நாளில் மூன்றையும் விட்டால், மூன்று மீன்களே கூட்டம்தான்.

வாரம் ஒருமுறை 10 சதவீதம் தண்ணீர் மாற்றுவது, ஆவியான அளவுக்குத் தினமும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவது, தீனியைக் குறைவாகப் போடுவது. இவற்றோடு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். நாலாவது மீனுக்கான காசை அதில் போட்டால், மற்ற மூன்றுக்கும் அது உயிர்க் காப்பீடு.

ஏற்கெனவே ஆறு மீன் இருக்கிறதா?

பதற வேண்டாம். தீனியைக் குறையுங்கள். அம்மோனியாவை அடிக்கடி சோதியுங்கள். தண்ணீர் மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக வளரும் மீன், சண்டைக்கார மீன் எது என்று பார்த்து, பெரிய டேங்க் வைத்திருப்பவருக்கோ, வாங்கிய கடைக்கோ திருப்பிக் கொடுங்கள். வாங்கிய விலை கிடைக்காது, பரவாயில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். "பாவம், கடல்லயே விட்டுடலாம்" என்று கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். எங்கிருந்தோ இறக்குமதியான மீன் தன்னோடு நோயையும் கொண்டுபோகலாம். இந்தோ-பசிபிக் பகுதியைச் சேர்ந்த லயன்ஃபிஷ் 1985-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடலில் முதலில் பதிவானது. டேங்க் வைத்திருந்தவர்கள் விட்டதிலிருந்து பரவியிருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று கரீபியன் கடல் முழுக்க உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கும் தலைவலி அது.

"மூணு மீன்னா டேங்க் காலியா தெரியாதா?"

முதல் வாரம் தெரியும். அப்புறம் கண் பழகிவிடும். நெரிசலில் மீன்கள் செய்வது இரண்டே வேலை: துரத்துவது, ஒளிவது. இடம் இருந்தால்தான் அவற்றின் உண்மையான குணம் வெளியே வரும். க்ளவுன் ஜோடி ஓர் ஓட்டைச் சுத்தம் செய்து முட்டையிடத் தயாராவதைப் பார்க்கலாம். சில கோபி வகைகள் பிஸ்டல் இறாலோடு ஒரே வளையில் கூட்டுக் குடித்தனம் நடத்தும். பார்வை குறைந்த இறால் வளை தோண்டும், கோபி வாசலில் நின்று காவல் காக்கும், ஆபத்து வந்தால் வாலசைத்துச் சேதி சொல்லும். ஆறு மீன்கள் முட்டி மோதும் டேங்க்கில் இதற்கெல்லாம் இடமில்லை.

வாங்குபவர் மட்டும் மாறினால் போதாது. கடைகளில் ஒவ்வொரு மீன் தொட்டியிலும் விலை ஒட்டியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு எண்கள் வேண்டும்: இந்த மீன் முழுதாக வளர்ந்தால் எத்தனை செ.மீ, அதற்குக் குறைந்தது எத்தனை லிட்டர். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, ஒரு மார்க்கர் பேனா போதும். நாலு செ.மீ டோரியின் மேல் '30 செ.மீ' என்று எழுதியிருந்தால், ரெண்டடி டேங்க் வைத்திருப்பவர் அதை வாங்குவதற்கு முன் ஒரு நிமிடமாவது யோசிப்பார். அந்த ஒரு நிமிடத்தில் மீனும் தப்பிக்கும், கடைக்கு அவர் ஆறு மாதத்தில் காணாமல் போகாத வாடிக்கையாளராகவும் இருப்பார்.